பழியைச் சோற்றின் மேல் போடாதீர்கள்

மதியம் 2.30 மணிக்கு எந்த ஆபீசுக்குள் போய்ப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். கீபோர்டு சத்தம் பாதியாகக் குறைந்திருக்கும். ஒருவர் எக்செல் ஷீட்டில் ஒரே வரியை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் முகம் கழுவிவிட்டு ஈரக் கைக்குட்டையோடு வருவார். "என்ன, மதியம் ஒரு பிடி பிடிச்சாச்சா?" என்று மேலதிகாரி கேட்க, எல்லோரும் சிரித்து வைப்பார்கள். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று பழமொழியே இருப்பதால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. சோறு தின்றால் தூக்கம் வரும், சோற்றைக் குறைத்தால் தூக்கம் போகும், குறைக்க முடியாதவன் சோம்பேறி. இதில் முதலாவது கூற்று பாதிதான் சரி. இரண்டாவது பெரும்பாலும் தப்பு. மூன்றாவது அநியாயம். ஊழியரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகவே இது மாறிப்போய், சம்பள உயர்வுப் பேச்சு வரைக்கும் கூட வருகிறது.

மதியச் சாப்பாடே இல்லாமலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஆட்களைப் படுக்கையில் சாய்ந்தபடி விழித்திருக்கச் சொல்லி, ஜன்னலும் கடிகாரமும் இல்லாத அறையில் வெளிச்சத்தை மங்கலாக ஒரே அளவில் வைத்து, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக மணிக்கு ஒரு சின்னப் பங்காகக் கொடுத்துக்கொண்டே உடல் வெப்பத்தையும் கவனத்தையும் அளப்பார்கள். அங்கே மதியச் சாப்பாடு என்ற ஒன்றே கிடையாது. அப்படியும் பிற்பகலில் கணிசமானவர்களுக்குக் கவனம் சரிகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சோறில்லாமலே சரிகிறது. சாலை விபத்துகளிலும் இது தெரியும். ஓட்டுநர் கண்ணயர்ந்ததால் நடந்த விபத்துகளை மட்டும் பிரித்து நேரவாரியாக அடுக்கினால், பின்னிரவு 2 மணி முதல் விடியற்காலை 6 வரை ஒரு பெரிய மேடும், பிற்பகலில் ஒரு சின்ன மேடும் எழும். விடியற்காலை 4 மணிக்கு யாரும் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. குவித்துப் போட்ட வெள்ளைச் சோறும் மேலே ஒரு பாயசமும் ஏற்கெனவே அங்கே இருக்கும் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். ஆனால் பள்ளத்தைத் தோண்டியது சாப்பாடு இல்லை.

களைப்பு நேர்கோட்டில் ஏறுவதில்லை

களைப்பைப் பற்றி நம் எல்லோர் மனதிலும் இருப்பது பெட்ரோல் டேங்க் கணக்கு. காலையில் நிரம்பியிருக்கும், ஓட ஓடக் குறையும், ராத்திரி காலியாகும். இந்தக் கணக்கு சரியென்றால் மாலை 7 மணிக்கு, மதியம் 3 மணியை விட அதிகமாகத் தூங்கி வழிய வேண்டும். அப்படி நடப்பதில்லை. மதியம் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தவர் மாலையில் பேட்மிண்டன் ஆடுகிறார், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், 9 மணிக்கு வாட்ஸ்ஆப்பில் அரசியல் விவாதம் செய்கிறார்.

சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் இருந்த தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தூக்கத்தை இரண்டு தனித்தனி விசைகள் ஆள்கின்றன என்பது அவர் கணக்கு. ஒன்று, விழித்திருக்கும் நேரத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்வது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. தூங்கினால்தான் அது வடியும். மற்றொன்று, எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்பதைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்கு ஓடும் உடற்கடிகாரம். கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு முடிச்சு அது. விழித்திருக்கச் சொல்லும் கட்டளையை அது நாள் முழுக்க ஒரே அளவில் கொடுப்பதில்லை. மாலைக்குப் போகப் போகக் கூட்டும், பின்னிரவில் அடியோடு குறைக்கும். உடல் வெப்பமும் அதனுடனேயே ஏறி இறங்கும். பலருக்கு விடியற்காலை 4, 5 மணிக்கு அடி, மாலையில் உச்சி, இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 1 டிகிரி செல்சியஸ். இப்போது மதியம் 2.30ஐப் பாருங்கள். காலை 6 மணியிலிருந்து ஏறிய தூக்க அழுத்தம் நல்ல உயரத்தில் நிற்கிறது. அதைத் தாங்க வேண்டிய கடிகாரத்தின் கட்டளை இன்னும் முழு வேகம் பிடிக்கவில்லை. இடையில் விழும் இடைவெளிதான் அந்த மயக்கம். மாலையில் கட்டளை வலுத்ததும், அழுத்தம் அதிகமாகியிருந்தும், நாம் தெளிந்துவிடுகிறோம்.

இந்தக் கடிகாரம் வெளிச்சத்தால் நேரம் திருத்தப்படுகிறதே தவிர, வெளிச்சத்தால் ஓடுவதில்லை. தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்தாலும் அது நேரத்துக்கு இலை விரித்து மூடுவதை பிரெஞ்சு அறிஞர் டி மைரான் 1729லேயே பார்த்தார். நம்மூரில் இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே.சந்திரசேகரன். மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் வௌவால்களை ஆராய்ந்தவர், பிறகு வெளியுலகத்தின் நேரமே தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்களின் தூக்க விழிப்புத் தாளத்தைப் பதிவு செய்யும் வசதியையும் அங்கே ஏற்படுத்தினார். இவ்வளவு அருகில் நடந்த வேலை நம் ஆபீஸ்களின் வாசல்வரை வந்து சேராதது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட சோதனை என்றால் அது இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பெரெட்ஸ் லாவி செய்து 1986இல் வெளியிட்டது. ஆட்களை ஒரு இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருந்தார். பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று. 7 நிமிடம் இருட்டறையில் படுத்துத் தூங்க முயல வேண்டும், 13 நிமிடம் எழுந்து வெளியே இருக்க வேண்டும். இப்படியே ஒரு முழு நாள். இரவெல்லாம் விழித்தவர்கள் எந்த 7 நிமிடத்திலும் சட்டென்று தூங்கிவிடுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? பிற்பகலில் நன்றாகத் தூங்கினார்கள். ஆனால் மாலை மங்கி இரவு வந்த வேளையில், வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில், அத்தனை அசதியிலும் தூக்கம் மிகக் குறைவாகவே வந்தது. அது தாண்டியதும் கதவு திறந்ததுபோல் தூக்கம் வந்தது. அந்த வேளைக்குத் தூக்கத்தின் தடை நேரம் என்று பெயர் வைத்தார். ஒரு மனிதன் எவ்வளவு சோர்ந்திருக்கிறான் என்பது மட்டும் அவன் தூங்குவதைத் தீர்மானிக்காது, எந்த நேரத்தில் படுக்கிறான் என்பதும் தீர்மானிக்கும். இதை ஏற்றுக்கொண்டால் வேலை நேரத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் பாதி அறிவுரைகள் உதிர்ந்துவிடும்.

உதாரணத்துக்கு, விடியற்காலை 4 மணிக்கு முதல் பஸ் எடுக்கும் டிரைவர், 3 மணிக்கே பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டியவர், பால் வண்டிக்காரர். இவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எட்டு மணிக்கே படுத்துடு." அவரும் படுக்கிறார். வீட்டில் டிவியை அணைத்து, பிள்ளைகளை அதட்டி, விளக்கை அணைத்துப் படுத்தால் 10 மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறார். 2.30க்கு அலாரம் அடிக்கும்போது நாலரை மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார். தன்னால் தூங்கக்கூட முடியவில்லையே என்ற எரிச்சல் ஒரு பக்கம், அதைத் தீர்க்க ஒரு குவார்ட்டரோ மாத்திரையோ தேடுவது இன்னொரு பக்கம். அவரிடம் சொல்ல வேண்டியது வேறு. 9, 9.15க்குப் படுங்கள். மீதியை மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் 90 நிமிடம் தூங்கி ஈடுகட்டுங்கள். அந்த நேரத்தில் உடலே ஒத்துழைக்கும். படுக்கும் நேரத்தை முன்னால் இழுக்க வேண்டுமானால் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் இழுக்காமல், நாளுக்கு 15, 20 நிமிடமாக இழுங்கள். சூரியன் வந்ததும் அரைமணி நேரமாவது வெளிச்சத்தில் இருங்கள். மாலை 7க்குப் பிறகு வீட்டு விளக்கை மங்கலாக்குங்கள். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

பகல் வேலைக்காரரின் நாள்

எழுந்த உடனே தெளிவு வந்துவிடாது. 15 முதல் 30 நிமிடம் வரை மூளை முழுதாக விழிக்காது, சிலருக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் பணம் அனுப்புவது, மேலதிகாரிக்குக் கோபமாக மெயில் அடிப்பது வேண்டாம். காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் 15, 20 நிமிடம் நில்லுங்கள். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல்லாயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நல்ல ஆபீஸ் அறையிலேயே 300 முதல் 500 லக்ஸ்தான், வீட்டு ஹாலில் அதற்கும் கீழே. காலை வெளிச்சம் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருத்திவைக்கிறது, அன்றிரவின் தூக்கத்துக்கு அங்கேதான் ஏற்பாடு தொடங்குகிறது.

9.30 முதல் 12.30 வரை பெரும்பாலானவர்களுக்குக் கவனம் கூர்மையாக இருக்கும். இந்த மூன்று மணி நேரத்தைத்தான் நம் ஆபீஸ்கள் மீட்டிங்கில் கரைக்கின்றன. ஆடிட் கணக்கு, சம்பளப் பட்டியல், டிசைன், கம்ப்யூட்டர் கோடு எழுதுவது, தப்பினால் திருத்த முடியாத எதுவும் இங்கே வர வேண்டும். 1.30 முதல் 3.30 வரை கை கால் அசையும் வேலைகளை வையுங்கள். ஸ்டோர் ரூமில் இருப்பு சரிபார்ப்பது, நிலுவையில் உள்ள போன்கால்கள், ஃபைல் ஒழுங்கு, நின்றுகொண்டு செய்யும் எதுவும் சரி. ஏசி அறை, அணைத்த விளக்கு, புரொஜெக்டர், ஒருவர் மட்டும் பேச மற்றவர்கள் கேட்பது என்று 2.15க்கு வைக்கும் மீட்டிங்கை விடத் தூக்கத்துக்கு வாகான ஏற்பாடு கிடையாது. அதே மீட்டிங்கை 4.15க்குத் தள்ளுங்கள், ஆட்கள் வாதம் செய்வார்கள்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது சின்னத் திருத்தம்தான். சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் கூட்டு, பொரியல், முட்டை, சுண்டல் என்று எதையாவது ஏற்றுங்கள். சோற்றை அடியோடு நிறுத்தினால் 4 மணிக்குப் பசி வந்து வடையும் கேக்கும் உள்ளே போகும், லாபமில்லை. சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் தணியும்.

காபி, டீயின் வேலை அடினோசின் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்வதுதான். அழுத்தம் குறையாது, தெரியாமல் போகும். குடித்து 20, 30 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கும், உள்ளே போனதில் பாதி கழியச் சராசரியாக 5 மணி நேரம் பிடிக்கும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் வெகுநேரம் நீளும். மாலை 5.30 மணிக் காபியில் பாதி இரவு 10.30க்கும் ரத்தத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கெல்லாம் காபி குடிச்சாலும் தூக்கம் வருமே" என்பவர்களுக்கும் தூக்கத்தின் ஆழம் குறையும், அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். 10.30 மணியளவில் படுக்கிறவர் கடைசிக் காபியை 3 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இனி குட்டித் தூக்கம். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இதைத்தான் அதிகம் கெடுத்துச் செய்கிறார்கள். அளவு 20 நிமிடம். கண் சொக்க நேரம் கொடுத்து அலாரத்தை 25 நிமிடத்துக்கு வையுங்கள். நேரம் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே. 3.30க்குப் பிறகு தூங்கினால் இரவுக்கு வைத்திருந்த அழுத்தத்தை இப்போதே செலவழித்துவிடுவீர்கள். கழுத்து மடங்காமல் தலைக்கு ஒரு தாங்கல் வேண்டும். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திச் சாய்ந்துகொள்ளலாம், அல்லது பையை மேசையில் வைத்து அதன் மேல் கவிழ்ந்துகொள்ளலாம். கண் மேல் துண்டோ துப்பட்டாவோ போட்டுக்கொள்ளுங்கள். படுக்குமுன் அரைத் தம்ளர் காபி குடித்தால், அது வேலை செய்யத் தொடங்கும் நேரமும் நீங்கள் எழும் நேரமும் ஒன்றாக வரும். தூக்கம் வராவிட்டால் கண்ணை மூடிக் கிடப்பதே போதும். இதெல்லாம் சோம்பேறிகளின் தந்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நீண்ட தூரப் பயணங்களில் விமானிகளுக்கு முறைவைத்து 40 நிமிட ஓய்வு கொடுத்து நாசா ஆராய்ந்தது. அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், தூங்காத குழுவை விட இறங்கும் கட்டத்தில் தெளிவாக இருந்தார்கள்.

கெடுவது எங்கே என்றால், 20 நிமிடம் 50 நிமிடமாக நீளும்போது. அதற்குள் மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து எழுப்பினால் தலை கனத்து, வாய் உலர்ந்து, முன்பிருந்ததை விட மோசமாக அரைமணி நேரம் அலைய வேண்டும். "மதியம் தூங்கினா எனக்கு ஒத்துக்காது" என்று சொல்பவர்களில் பலர் இப்படி அளவு தவறியவர்கள்தான். இரவில் தூக்கமே வராமல் தவிப்பவர்கள் மட்டும் மதியத் தூக்கத்தை விட்டுவிட வேண்டும். எட்டு மணி நேரம் தூங்கியும் தினமும் பகலில் தன்னை மீறிக் கண் சொருகினால், கூடவே குறட்டையும் இருந்தால், அது தாளத்தின் கோளாறு இல்லை. தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெண்களுக்கு ரத்தசோகையும் தைராய்டும் பார்த்துவிட வேண்டும். வீட்டில் எல்லோரும் "எப்பப் பாரு அசந்துக்கிட்டு" என்று சொல்லும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்காமல் அறிவுரை சொல்லாதீர்கள்.

90 நிமிடம் வேலை, 20 நிமிடம் ஓய்வு என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. தூக்கத்துக்குள் அப்படியொரு சுற்று இருப்பது உண்மை. விழிப்பிலும் அதுவே ஓடுகிறது என்று தூக்க ஆய்வாளர் நத்தானியேல் கிளைட்மன் கருதினார், ஆனால் தூக்கத்தில் தெரியும் அளவுக்கு அது விழிப்பில் உறுதியாகத் தெரியவில்லை. இடையிடையே எழுந்து நடப்பது நல்லதுதான், ஸ்டாப்வாட்ச் தேவையில்லை.

சேவலோடு எழாதவர்கள்

மேலே சொன்ன நேரங்கள் நடுவாந்திரமானவர்களுக்கு. ஒன்றிரண்டு மணி நேரம் முன்னே ஓடுபவர்களும் உண்டு, பின்னே ஓடுபவர்களும் உண்டு. இதில் பெரும்பங்கு பிறப்பிலும் வயதிலும் அமைவது. பழ ஈக்களில் இந்தத் தாளத்தை ஆளும் மரபணுவின் வேலையை விளக்கிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருந்தும் நாம் 5 மணிக்கு எழுபவரை உழைப்பாளி என்றும் 8 மணிக்கு எழுபவரை உருப்படாதவர் என்றும் பிரித்துவைத்திருக்கிறோம். உங்கள் கடிகாரம் எது என்று தெரிய, அலாரமும் கடமையும் இல்லாத ஒரு வார விடுமுறையின் கடைசி நாட்களைப் பாருங்கள். தூங்கிய நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் நடுப்புள்ளி பின்னிரவு 3 மணிக்கு முன்னால் விழுந்தால் நீங்கள் முன்னே ஓடுபவர், 5 மணிக்குப் பின்னால் விழுந்தால் பின்னே ஓடுபவர்.

பதின்பருவத்தில் எல்லோருக்கும் இந்தக் கடிகாரம் பின்னுக்குப் போகும், இருபது வயதை ஒட்டி உச்சிக்குப் போய்ப் பிறகு மெல்லத் திரும்பும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் மேல்வகுப்புப் பள்ளிகளைக் காலை 8.30க்கு முன் தொடங்காதீர்கள் என்றது இதனால்தான். நாமோ பிளஸ் டூ பிள்ளையை 5 மணி டியூஷனுக்கு ஸ்கூட்டரில் ஏற்றுகிறோம். அந்தப் பிள்ளைக்கு அது நடுச்சாமம். தூக்கத்தில் நடக்க வேண்டிய நினைவுப் பதிவை வெட்டிவிட்டு அதே நேரத்தில் பாடத்தைத் திணிக்கிறோம். மாலை 5 மணிக்கு வைத்தால் அதே பாடம் ஏறும்.

மூணாம் ஷிப்ட்

ஆபீஸ்காரருக்கு இதெல்லாம் வசதியைப் பற்றிய பேச்சு. இரவு 10 மணிக்கு உள்ளே போய்க் காலை 6க்கு வெளியே வருபவருக்கு இது விரலையும் உயிரையும் பற்றியது. பின்னிரவு 3க்கும் 5க்கும் நடுவில் தூக்க அழுத்தம் உச்சியில், கடிகாரத்தின் கட்டளை தரையில். பஞ்சாலையில் அறுந்த நூலை ஒட்டிப் போட்டுக்கொண்டே நடப்பவர், பிரஸ் மெஷினில் தகடு வைப்பவர், வார்டில் இன்சுலின் அளவு பார்க்கும் நர்ஸ் என்று எல்லோரும் அந்த இரண்டு மணி நேரத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும், மறு ஆய்வுக்குப் பிறகு 2019இலும், இரவுப் பணியை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. இரவுப் படி என்று கொடுக்கும் தொகை எதற்கு ஈடு என்பதை முதலாளிகள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இரவு வேலையை நல்லதாக்க முடியாது, சேதத்தைக் குறைக்கலாம். முதல் நாள் இரவு ஷிப்டுக்குப் போகுமுன் மதியம் 2 மணிக்கு 90 நிமிடம் தூங்குங்கள். மாலை 7 மணிக்குத் தூங்கிவிட்டுப் போகலாம் என்று வைத்தால் தடை நேரம் குறுக்கே நிற்கும். பெரிய சாப்பாட்டை 8.30க்குள் வீட்டிலேயே முடியுங்கள். நள்ளிரவுக்கு மேல் உடலால் சர்க்கரையைச் சரியாகக் கையாள முடியாது, எனவே 12.30க்கு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை போதும். கேன்டீனில் 1 மணிக்குப் பரோட்டா போடும் வழக்கத்தைச் சங்கமே கேட்டு நிறுத்தலாம். டீயை 10.30க்கும் 1 மணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், 2க்கு மேல் வேண்டாம். 4 மணி டீ காலை 7.30 மணித் தூக்கத்தைத் தின்றுவிடும். இடைவேளையை 2.30ஐ ஒட்டி அமைத்து, முறைவைத்து 20 நிமிடம் தூங்க விட்டால் அந்தக் கடைசி மணிகளின் தவறு குறையும். எழுந்ததும் 15 நிமிடம் மெஷினைத் தொடக் கூடாது. இதை எழுதிவைக்கவே வேண்டும்.

நெடுஞ்சாலையில் போலீசார் லாரியை நிறுத்தி முகம் கழுவச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். நல்லெண்ணம்தான். ஆனால் குளிர்ந்த நீரும் ஜன்னல் காற்றும் சத்தமான பாட்டும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு, இருக்கையில் சாய்ந்து 15 நிமிடம் தூங்கவிட்டு அனுப்பினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நிஜமான பலன் உண்டு. ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்புகிறவர்களுக்கும் இதேதான். கண் சொருகினால் கம்பெனியிலேயே 20 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக் காலை வெளிச்சத்தைத் தவிர்ப்பது வேனிலும் பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு உதவும், தூக்கக் கலக்கத்தில் தானே வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து.

வீட்டில் பகல் தூக்கத்தைக் கலைப்பவை எல்லோருக்கும் தெரியும். சிலிண்டர்காரர், தண்ணீர் லாரி, கூரியர், ஷீட் கூரையின் சூடு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காலிங் பெல்லுக்கு ஒரு சுவிட்ச், போன் அடுத்த அறையில், சத்தத்தை மறைக்கும் பழைய டேபிள் ஃபேன் என்று நூறு, ஆயிரம் ரூபாய்க்குள் பாதியைச் சரிசெய்துவிடலாம். மீதிப் பாதி வீட்டில் இருப்பவர்கள் கையில். நைட் டூட்டி முடிந்து 7 மணிக்கு வரும் நர்ஸ், டிபன் செய்து, பிள்ளைகளை அனுப்பி, துணி போட்டு, 10.30க்குப் படுத்து 2.30க்கு எழுகிறார். "பகல்லயும் தூங்குறா" என்று மாமியார் சொல்வதை அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டே எழுகிறார். வீட்டு வேலையைப் பங்குபோட வேண்டியது கணவனின் கடமை, அதற்கு மாற்று இல்லை. அது நடக்கும்வரை அவர் செய்யக்கூடியது, தினமும் ஒரே நேரத்தில், வேலையில்லாத நாளிலும் ஓரளவு அதை ஒட்டி, ஒரு நாலு மணி நேரத்தைப் பிடித்துவைப்பது. அந்த நிலையான நாலு மணி நேரம் கடிகாரத்தைத் தடுமாறாமல் வைக்கும். மீதி இரண்டு, மூன்று மணி நேரத்தைக் கிடைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் ஐ.டி. ஊழியர்கள் செய்யும் தவறு சனி, ஞாயிறில் முழுதாகப் பகலுக்குத் திரும்பிவிடுவது. வேலை நாளில் 4.30 முதல் 12 வரை தூங்கினால், விடுமுறையில் 2.30 முதல் 10.30 வரை தூங்குங்கள். கல்யாண முகூர்த்தம் 6 மணிக்கு என்றால் ரிசப்ஷனுக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள், உறவுக்காரர்கள் மன்னிப்பார்கள்.

சார்ட் போடுகிறவருக்கு

இதுவரை சொன்னதெல்லாம் வேலை செய்பவரின் தலையில் விழுவது. அதில் எனக்குத் திருப்தியில்லை. ஷிப்ட் சார்ட் போடும் ஒரே ஒரு சூப்பர்வைசர், ஒரு பேனாவால், இருநூறு பேரின் தூக்கத்தைத் திருத்த முடியும்.

முதலில் சுற்றும் திசை. நம் உடற்கடிகாரத்தின் சொந்தச் சுற்று 24 மணி நேரத்தை விடச் சில நிமிடம் அதிகம். அதனால் தள்ளிப் படுப்பது எளிது, முந்திப் படுப்பது கஷ்டம். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுற்ற வேண்டும். இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுற்றினால், மாலை ஷிப்ட் இரவு 10க்கு முடிந்து மறுநாள் 6க்குக் காலை ஷிப்ட் தொடங்கும் நாள் ஒன்று வரும். நடுவில் 8 மணி நேரம். கம்பெனி பஸ், சாப்பாடு, குளியல் போக நாலரை மணி நேரத் தூக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பொட்டாஷ் ஆலையில் பின்னோக்கி வாரந்தோறும் சுழன்ற ஷிப்டைத் திசை மாற்றி, 21 நாளுக்கு ஒருமுறை சுழல வைத்துப் பார்த்த ஆய்வு 1982இல் வெளியானது. ஆட்களின் திருப்தியும் உற்பத்தியும் இரண்டுமே கூடின. 21 நாள் ஒத்துவராத இடத்தில் இரண்டு காலை, இரண்டு மாலை, இரண்டு இரவு, இரண்டு நாள் விடுப்பு என்று வேகமாகச் சுற்றுவது மேல். வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் இருப்பதிலேயே மோசம் என்பது என் கருத்து. கடிகாரம் நகரத் தொடங்கிய நேரத்தில் மறுபடி மாற்றிவிடுகிறோம். எப்படிச் சுற்றினாலும் இரண்டு ஷிப்டுக்கு நடுவில் 11 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது பொதுவான சட்டம்.

அடுத்தது வேலையின் வரிசை. பெல்ட் மாற்றுவது, கெமிக்கல் டேங்க் திறப்பது, மின்சாரப் பேனல் வேலை எதுவும் 3 முதல் 5 வரை வேண்டாம், 11 மணிக்கு முடித்துவிடுங்கள். தள்ள முடியாத வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் அளவைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு இதை விதியாகவே வைக்கலாம்.

ஓய்வறையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். நிற்கும் கால்களுக்காக 2021இல் தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர் உட்கார இருக்கை கட்டாயமானது. அதற்கு முன் ஜவுளிக்கடைகளில் இருக்கை கேட்டவர்களையும் பார்த்துச் சிரித்தார்கள். நான்கு சாய்வு நாற்காலி, ஒரு திரை, ஒரு அலாரம், பெயர் எழுத ஒரு ஸ்லேட்டு, இவ்வளவுதான் கேட்பது. 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களில் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த ஒர்க்ஸ் கமிட்டி அமைக்கச் சட்டத்தில் இடம் உண்டு, உங்கள் இடத்தில் இருந்தால் அதன் கூட்டக் குறிப்பில் இதை ஏற்றுங்கள். முழுக் கம்பெனிக்கும் வேண்டாம், ஒரே ஒரு டிபார்ட்மென்ட்டில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பும் பின்பும் மூன்று விஷயங்களை மணிவாரியாக எண்ணினால் போதும்: கழிவுச் சரக்கு, திரும்பச் செய்த வேலை, முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்து. முதலுதவி நோட்டில் தேதியும் பெயரும் மட்டும் இருந்து மணி எழுதக் கட்டம் இல்லையென்றால், நாற்காலி வாங்குவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் போடுங்கள்.